மூணு சுழி

உங்களுக்கு ஒருவர் ஆசையாக எழுதிய கடிதத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்தி, பிழைகளை எண்ணி அடியில் எழுதி, அவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா?

நான் அனுப்பியிருக்கிறேன். என் அக்காவுக்கு. மொத்தம் நாற்பத்து மூன்று பிழைகள். அதை எண்ணால் எழுதினால் நன்றாக இருக்காது என்று எழுத்தால் எழுதினேன். பக்கத்தில் 'கவனம் தேவை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அப்போது நான் இந்த ஊருக்கு வந்து நாலு வருடம் முடிந்திருந்தது. சாவி செய்கிற கடைக்கும் போன் பழுது பார்க்கிற கடைக்கும் நடுவில் இருக்கும் தையல் கடையில் வேலை. புதிதாக எதுவும் தைக்க மாட்டோம். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பெரிதாக்குவது, போன ஜிப்பை மாற்றுவது. வாங்கிய உடுப்புக்கும் வளர்ந்த உடம்புக்கும் சமாதானம் செய்து வைக்கிற வேலை.

மூன்றாவது மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துகிற இடம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் பேசினால் தொண்டை கரகரக்கும். எனக்கு முன்னால் குடியிருந்தவர் அலமாரியில் ஒரு இலக்கணப் புத்தகத்தை விட்டுப் போயிருந்தார். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு அது புதையல். கதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முதலில் பிழையில்லாமல் எழுதப் படிப்போம், பிறகு கதை தானாக வரும் என்று நினைத்தேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எனக்கு இலக்கணம் வந்தது.

அக்கா வாரம் தவறாமல் எழுதுவாள். கோடு போட்ட நோட்டுத் தாளில், புள்ளி, காற்புள்ளி எதுவும் இல்லாமல், பேசுகிற மாதிரியே ஒரே ஓட்டமாக. அவள் ஐந்தாவதோடு நின்றவள். அம்மா வேலைக்குப் போக, என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதனால் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடிதத்தைப் பிரித்தேன். முதல் வரியிலேயே ரகரத்துக்கு றகரம். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. எழுந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

அந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை. திருத்தினேன். இரண்டும் வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். பிழைகளை என் நோட்டிலும் இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொண்டேன். இடது பக்கம் பிழை, வலது பக்கம் திருத்தம். நமக்கும் பயிற்சியாக இருக்கட்டுமே.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. மாதம் ஒருமுறை போன் பேசுவோம். 'நல்லாருக்கேன், நீ சாப்பிட்டியா' என்பதோடு முடிந்துவிடும். கடிதம் எழுத நேரம் இருக்காது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து, பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இடது பத்தியை மட்டும் மேலிருந்து கீழாக ஏதோ நினைவில் படித்துக்கொண்டு போனேன்.

வற்ற.
செவ்வாக்கிளமை.
ஆப்பறேசன்.
பயமா.
இறுக்கு.
யாறும்.
இள்ள.

வலது பத்தியில் என் அழகான கையெழுத்தில் 'அறுவை சிகிச்சை' என்று இருந்தது. 'பயமாக' என்று இருந்தது. 'இருக்கிறது' என்று இருந்தது.

உடனே போன் போட்டேன்.

"அக்கா, உனக்கு ஆபரேஷனா?"

"ஆயிடுச்சேடா. நாலு மாசம் ஆகுது. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. இப்ப நல்லாருக்கேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேடா" என்றாள்.

அன்று மாலையே மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள அக்காவுக்கு' என்று தொடங்கினேன். அது யாரோ ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. கிழித்தேன். 'அக்கா' என்று மட்டும் போட்டேன். மரியாதை போதவில்லை. கிழித்தேன். இப்படிப்பட்ட கடிதத்தில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது, ஒரு சொல்கூடக் கூடவோ குறையவோ கூடாது என்று இருந்தது எனக்கு. திருத்தியவன் தப்பாக எழுதினால் எந்த முகத்தோடு அனுப்புவது? ஆறு வருடத்தில் எழுபதுக்கு மேல் எழுதியிருப்பேன். எல்லாவற்றையும் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அதிக தூரம் போன கடிதம் ஒன்பதாவது வரியில் நின்றது.

கடையிலும் நான் அதே ஆள்தான். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பெண் சாம்பல் நிறப் பட்டுச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். கை இரண்டு விரல் நீளம் அதிகம். சனிக்கிழமை போட வேண்டும் என்றார். லேசான பட்டு, வெங்காயச் சருகு மாதிரி. தைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒரே ஒரு தையல் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. பிரித்தேன். மறுபடி தைத்தேன். இப்போது இன்னொரு இடம். பிரித்தேன். நாலாவது தடவை பிரிக்கும்போது பழைய ஊசித் துளைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, துணி மெல்ல வாயைப் பிளந்தது.

முதலாளியம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

"எத்தன தடவ பிரிச்ச?"

"நாலும்மா."

"மொத தடவ என்ன தப்பு?"

"ஒரு தையல்... ஒரு நூல் வெளிய போயிடுச்சு."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"ஏம்ப்பா, நீயா போட்டுக்கப் போற? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டியே! தச்சதுல ஒண்ணும் போகல. பிரிச்சதுல போச்சு."

அடுத்த மெஷினில் இருந்தவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் எல்லோருக்கும் அவள் காஜாதான். நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து என்னைப் புலவரே என்றுதான் கூப்பிடுவாள்.

"அம்மா, புலவருக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலன்னு இப்பத்தான் வெளங்குது. வந்த பொண்ணுங்களயெல்லாம் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்திருப்பாரு."

"நீ சும்மா இரு" என்றார் முதலாளியம்மா. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிழிந்த இடத்துக்கு மேலே வெட்டி, அந்தச் சட்டையை அரைக்கைச் சட்டையாக்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்து, முதலாளியம்மா நடந்ததைச் சொல்ல, அதை விரித்துப் பார்த்தார். சண்டை போடுவார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் சட்டையின் கையை மட்டும் தடவிப் பார்த்தார். "மொதல்ல தச்சதையே குடுத்திருக்கலாமேங்க" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனார். திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை முதலாளியம்மா என் மேசையிலிருந்து தையல் பிரிக்கிற கத்தியை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"ஒரு மாசம் இது என்கிட்ட இருக்கட்டும். தச்சது தச்சதுதான். எனக்குக் காட்டாம எதையும் பிரிக்கக் கூடாது."

"தப்பா வந்தா?"

"தப்பா வந்தா நான் சொல்றேன். அதுக்குத்தான கண்ணாடி போட்டிருக்கேன்?"

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மெஷினில் உட்கார்ந்ததும் முதலில் வாடிக்கையாளர் துணியைத் தொட மாட்டோம். ஒரு வேஸ்ட் துணியை எடுத்து அதில் ஒரு கோடு ஓட்டிப் பார்ப்போம். மேல் நூல் இறுக்கமா, கீழ் நூல் தொளதொளப்பா என்று அதில் தெரிந்துவிடும். பிறகு அந்தத் துண்டைக் காலடியில் இருக்கும் சாக்கில் போட்டுவிடுவோம். பதினெட்டு வருடமாக நான் இதைச் செய்கிறேன். யோசித்துச் செய்ததே இல்லை.

கத்தி பறிபோனபின் வந்த திங்கட்கிழமை, அந்தத் துண்டைச் சாக்கில் போடப் போனவன், சும்மா திருப்பிப் பார்த்தேன். கோடு அம்பு மாதிரி போயிருந்தது. சாக்கில் கைவிட்டு முந்தின வாரத் துண்டுகளையும் எடுத்தேன். எல்லாம் அப்படித்தான். சிலவற்றில் ஒரு வளைவு, ஒரு தவறு இருந்தது. ஆனாலும் அந்தக் கை பயப்படாத கை என்று பார்த்ததும் தெரிந்தது. என் நல்ல தையலெல்லாம் குப்பைச் சாக்கில்தான் கிடந்தது.

"என்ன புலவரே, குப்பையில ஓலைச்சுவடி எதுவும் கெடச்சுதா?" என்றாள் காஜா.

"வேஸ்ட் துணிய நீ எப்பவாச்சும் பிரிச்சிருக்கியா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

மறுநாள் காலையிலிருந்து நானும் வேஸ்ட் துணி ஓட்டத் தொடங்கினேன், என் அறையில். ஒரு குயர் நோட்டு வாங்கினேன். ஏழு மணிக்கு டீ போட்டு வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பேனாவால்தான். அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, எழுதி முடித்ததைத் திரும்பப் படிக்கக் கூடாது. டீ ஆறுவதற்குள் பக்கம் முடிய வேண்டும். அகராதியைத் துணிப்பெட்டிக்குள் வைத்து மேலே கம்பளியைப் போட்டேன்.

முதல் நாள் ஜன்னலுக்கு வெளியே நின்ற கார்களை எழுதினேன். இரண்டாம் நாளும் அதே கார்கள். மூன்றாம் நாள் 'இன்றைக்கு எழுத எதுவும் இல்லை' என்று பதினோரு தடவை எழுதிப் பக்கத்தை நிரப்பினேன். நாலாம் நாள் எழுதியது எவ்வளவு மட்டமாக இருந்தது என்றால், பஸ்ஸில் போகும்போதே முகம் சுட்டது. கிழிக்கக் கை ஊறியது. கத்திதான் டிராயரில் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் போனபின் ஒன்றைக் கவனித்தேன். சில எழுத்து வரும்போது என் கை ஒரு கணம் நிற்கிறது. ன வந்தால் நிற்கும். ற வந்தால் நிற்கும். மெஷின் தடித்த மடிப்பில் ஏறும்போது முனகுமே, அதே மாதிரி. நிற்காமல் ஓட்டினேன். தப்பாக விழுந்தால் விழட்டும்.

நன்றாக எழுத வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எழுதிவிட்டு எழுந்து போக வந்தது. அதுவே எனக்குப் புதிது.

கடையிலும் அந்த மாதம் ஓடியது. ஒரு நூல் விலகிய தையலோடு பதினேழு கால்சட்டைகளைக் கொடுத்தனுப்பினேன். ஒவ்வொன்றும் போகும்போது கதவு வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் திரும்பி வரவில்லை.

இருபதாவது பக்கத்தில் அக்கா வந்தாள். கூப்பிடாமலே வந்தாள். நான் மூன்றாவது படித்தபோது எனக்குக் காய்ச்சல். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால் முட்டி போட வைப்பார்கள். அக்கா உட்கார்ந்து எனக்காக எழுதினாள். அவள் கையெழுத்தில் அல்ல, என் கையெழுத்தில். கோணல்மாணலாக, வரியை விட்டு இறங்கி. ரெண்டு சுழி 'ன' போட வேண்டிய இடத்தில் எல்லாம் நான் மூணு சுழி 'ண' போடுவேன் என்று அவளுக்குத் தெரியும். வாத்தியாருக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று, யோசித்து யோசித்து அந்தத் தப்பையும் போட்டு வைத்தாள். வாத்தியார் என்னை அடித்தார், தப்புக்காக. வேறு யாரோ எழுதியது என்று கண்டுபிடிக்கவில்லை.

என் தப்பை எனக்காகச் செய்தவளின் தப்பைத்தான் நான் எண்ணி அனுப்பினேன். அன்றைக்கு டீயைக் குடிக்கவில்லை. அப்படியே வேலைக்குப் போனேன்.

முப்பதாவது பக்கம் ஒரு புதன்கிழமை. மழை என்று எழுதத் தொடங்கியவன், மூன்றாவது வரியில் அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். 'அக்கா, அந்தக் கடுதாசில நீ பயமா இருக்குன்னு எழுதியிருந்த. நான் அத திருத்தினேன். என்ன பயம்னு கேக்கல. உனக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு நான் இங்க ஒரு கோட்டுக்கு லைனிங் மாத்திட்டு இருந்திருப்பேன். எனக்கு எதுவும் தெரியாது. தெரியாம இல்ல, நீ சொன்ன, நான் படிக்கல.' இப்படியே போனது. பக்கம் முடிந்து பின்பக்கமும் போனது. அதுவரை பின்பக்கம் நான் எழுதியதே இல்லை.

அந்தத் தாளை மட்டும் நோட்டிலிருந்து எடுத்தேன். ஒரு தடவை படித்துப் பார் என்று உள்ளே ஒரு குரல். படித்தால் செருப்புப் பெட்டிக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். மடித்து உறையில் போட்டு, பஸ் நிறுத்தத்துத் தபால் பெட்டியில் போட்டேன். கையை எடுத்த பிறகுதான் உறுத்தியது. அவள் எழுதியதைப் படிக்காமல் திருத்தினேன். இப்போது நான் எழுதியதைப் படிக்காமல் அனுப்புகிறேன். இதுவும் ஒருவிதத் திமிரா? தபால்காரருக்காகக் காத்திருந்து கேட்டு வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பஸ் வந்துவிட்டது.

பதினோரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளே போன் செய்தாள். எப்போதும் நான்தான் செய்வேன்.

"கடுதாசி வந்துச்சுடா."

"படிச்சியா?"

"படிச்சேன். எழுத்துக்கூட்டி நானே படிச்சேன். பாப்பாகிட்ட குடுக்கல. ஒரு மணி நேரம் ஆச்சு."

அவள் மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏன்டா, மன்னிப்புக்கு எத்தன சுழி?"

"ரெண்டு."

"நீ மூணு போட்டிருக்க. 'மண்ணிச்சிடுக்கா'ன்னு எழுதியிருக்க. மன்னிப்புக் கேட்டியா, இல்ல மண்ண அள்ளிப் போட்டியா?"

சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. நானும் சிரித்தேன். "இன்னும் அதே மூணு சுழிதானாடா உனக்கு?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் பாத்திரம் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நீ அனுப்பினது இருக்கே, ஆஸ்பத்திரில இருந்து வந்த மறுநாள்தான் வந்துச்சு. பாப்பாவோட அப்பா லாரியோட வெளியூர்ல. பாப்பாதான் ஒடச்சா. மாமா கடுதாசி, மாமா கடுதாசின்னு ஓடி வந்து, என் கட்டில்ல உக்காந்து, சத்தமா படிச்சா. 'நாற்பத்து மூன்று பிழைகள்'னு. அம்மா, பிழைன்னா என்னம்மான்னு கேட்டா."

"அக்கா..."

"இரு, சொல்லிடறேன். அதுக்கப்புறம் நான் எதுவுமே எழுதறதில்லடா. கடைக்குச் சீட்டுகூட பாப்பாதான் எழுதுவா. பாரம் வந்தா அவதான் நிரப்புவா, நான் கையெழுத்து மட்டும் போடுவேன். பேனாவப் புடிச்சா, செவப்பா தெரியும்."

இது எனக்குத் தெரியாது. கடிதத்தை மட்டும்தான் நிறுத்தினாள் என்று நினைத்திருந்தேன். அவளுடைய ஐந்து வருடப் படிப்பை, ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு முடித்து வைத்திருக்கிறேன்.

"திரும்ப எழுதுக்கா" என்றேன். "எனக்கு இல்லன்னா வேணாம். எதையாவது."

"வேணாம்டா. நீ திருத்துவ."

"மாட்டேன்."

"கையால திருத்த மாட்ட. கண்ணால திருத்துவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

உண்மை அதுதான். நான் மாறிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் காலையில் ஒரு பக்கம் வேஸ்ட் துணி ஓட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தையல்காரர்கள் காலையில் செய்கிறதைச் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரே வரியைப் பதினோரு தடவை எழுதியதைச் சொன்னேன்.

"பதினோரு தடவையா? முட்டி போட வச்சாங்களா?" என்றாள்.

"நானே வச்சுக்கிட்டேன்."

"பைத்தியம்" என்றாள். "சரி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"வச்சிடறேன். பாப்பா வந்துட்டா."

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு என் போனில் ஒரு படம் வந்திருந்தது. அக்கா மகள் அனுப்பியிருந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அக்கா எழுதிய கடைச் சீட்டு. சோப்பு, தீப்பட்டி, வெங்காயம், சக்கறை, வெள்ளை நூள். ஐந்தையும் ஒருமுறை படித்தேன். டீ போட்டு, நாற்பத்திரண்டாவது பக்கத்தை எழுதினேன். எட்டரைக்குக் கடைக்குப் போய், வேஸ்ட் துணியில் ஒரு கோடு ஓட்டினேன்.